உருகாத முனை

தோட்டா முனைத் தரக் கழகத்தில் எந்த முனையும் உருகியதில்லை. கழகம் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை ஒரு முனைகூட, ஒரு முறைகூட, பேச்சுக்குக்கூட உருகியதில்லை. இதைப் பித்தளைப் பலகையில் பொறித்து வாசலில் மாட்டியிருக்கிறார்கள். வெயில் நேரத்தில் அந்தப் பலகையைத் தொட்டால் கை பொசுங்கும். அது வேறு விஷயம், அதற்கும் கழகத்துக்கும் சம்பந்தமில்லை.

அந்த வாசலில் ஒரு நாள் காலை ஒரு பெண் பஸ் டிரைவர் வந்து நின்றாள். ஊரில் அவளுக்கு நிதானம் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அவள் ஓட்டுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே கண்ணுக்கு மை தீட்டிக்கொள்ளலாம் என்று வேலைக்குப் போகும் பெண்கள் சொல்வார்கள். பிரேக் போட்டது தெரியாது, வண்டி நின்றது மட்டும்தான் தெரியும். அந்தக் கையும் அந்த மூச்சும்தான் விடுமுறை நாட்களில் அவளைத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு இழுத்துப் போயின. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற பலகையின் நடுவில் துளை போடுகிறவர்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அவர்களில் ஒருத்தியாகி, நாட்டு அணியிலும் சேர்ந்துவிட்டாள்.

அப்புறம் வந்தது வினை. அணிக்காரர்கள் கழகம் அங்கீகரித்த தோட்டாவைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. புதுத் தோட்டா பார்க்க அழகாகத்தான் இருந்தது. உடம்பு முழுக்கச் செம்பு, மூக்கில் மட்டும் ஒரு சின்னச் சிவப்புப் பிளாஸ்டிக் முனை. கிட்டத்துப் பலகையில் அது சொன்ன இடத்தில் போய்ப் பட்டது. தூரத்துப் பலகையில் மட்டும் சொல்லி வைத்தாற்போல ஒரு முழம் கீழே இறங்கியது. திரும்பத் திரும்பச் சுட்டாள். திரும்பத் திரும்ப அதே ஒரு முழம்.

"முனை உருகுதும்மா," என்றார் உதவிப் பயிற்சியாளர். "தோட்டா சத்தத்தை விட ரெண்டு மூணு மடங்கு வேகத்துல போகுது. எதிர்ல இருக்கிற காத்துக்கு ஒதுங்க நேரமே இல்ல. நசுங்கிக் கொதிக்குது. அந்தச் சூட்டுல பிளாஸ்டிக் இளகி மூக்கு மழுங்கிப் போகுது. மழுங்கின மூக்கு காத்தைக் கிழிக்குமா? முட்டிக்கிட்டுத்தான் போகும். வேகம் கொறையுது, கீழ எறங்குது. கிட்டத்துல தெரியாது. தூரம் போகப் போகத்தான் வண்டவாளம் தெரியும்."

"இதைக் கழகத்துல சொல்லலாமே சார்?"

"சொன்னேனே. அதுக்கு முன்னாடி நான் தலைமைப் பயிற்சியாளர்."

அவள் விடவில்லை. தன் கைப்பட ஒரு புகார் எழுதிப் போட்டாள். கழகத்திலிருந்து பதில் வந்தது. 'முனை உருகுவதில்லை. தங்கள் தோட்டா தாழ்ந்து செல்வதற்குக் காரணம் தங்கள் கை நடுக்கமாக இருக்கலாம் எனக் கழகம் கருதுகிறது. தேர்வுப் போட்டிக்கு முன் நேரில் வந்து நிதானத்தை நிரூபிக்கவும். தவறினால் அணியிலிருந்து நீக்கப்படுவீர்கள். நகல்: பஸ் நிர்வாகம்.'

அணி, துப்பாக்கி எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த 'நகல்' என்ற சொல்லைத்தான் அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். கை நடுங்குகிற டிரைவரிடம் எந்த நிர்வாகம் பஸ்ஸைக் கொடுக்கும்?

அவள் கணவர் சலவைக்கடை வைத்திருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டு அவளுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நடுங்கலையே."

"இப்ப நடுங்குது பாருங்க," என்றாள். உண்மையில் அப்போதுதான் நடுங்கியது. பயமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. எது முதலில் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

அப்படித்தான் அன்று காலை அவள் கழக வாசலில் வந்து நின்றாள். அங்கே அவளை முதலில் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அவர் அவளைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, கையில் ஒரு தோட்டாவைக் கொடுத்தார்.

"இதைப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது?"

"மூக்கு பிளாஸ்டிக்கா இருக்குன்னு தோணுது."

"அதைத் தவிர?"

"சூடு பட்டா இளகிடும்னு தோணுது."

ஆலோசகர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஏதோ எழுதினார். "உங்களுக்கும் தோட்டாவுக்கும் நடுவுல நம்பிக்கை இல்லம்மா. நம்ம நம்பிக்கை இல்லேன்னா அது எப்படி மேல போகும்? நீங்களே சொல்லுங்க. தினமும் காலையில அதுகிட்ட ரெண்டு வார்த்தை நல்லதாப் பேசுங்க."

அங்கிருந்து சூட்டுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கழகத்தில் வெப்பத்தை ஆராயச் சூட்டுப் பிரிவு என்று ஒன்றும் காற்றை ஆராயக் காற்றுப் பிரிவு என்று ஒன்றும் உண்டு. நீண்ட நடைபாதையின் இந்தக் கோடியில் அது, அந்தக் கோடியில் இது. சூட்டுப் பிரிவில் மின்விசிறி கிடையாது. காற்று வந்தால் ஆராய்ச்சியில் கலப்படம் ஏற்பட்டுவிடும் என்று ஜன்னல்களை எல்லாம் ஆணியடித்து மூடியிருந்தார்கள். சூட்டுத் தலைவர் வேர்வையில் குளித்தபடி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு சின்ன அடுப்புப் பெட்டி, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு சிவப்பு முனை.

"நல்லாப் பாத்துக்கோங்க. நேத்திலேருந்து உள்ள இருக்கு. உருகுச்சா?"

"எவ்வளவு சூடு சார் வச்சிருக்கீங்க?"

"சட்டைப்பைச் சூடு."

"புரியலையே சார்."

"என்னம்மா புரியல? தோட்டா எங்க இருக்கும்? ஆளோட சட்டைப்பையில இருக்கும். சட்டைப்பை எவ்வளவு சூடாகும்? அவ்வளவு வச்சிருக்கோம். காய்ச்சல்காரன் சட்டைப்பைன்னு வச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் கூட்டியும் பாத்துட்டோம். அசையலையே!"

"பறக்கும்போது காத்து கொதிக்குதே சார், அந்தச் சூடு?"

சூட்டுத் தலைவர் சட்டென்று எழுந்து கதவைச் சாத்தினார். "அந்த வார்த்தையை இங்க சொல்லக் கூடாது. சூடுன்னா எங்களுது. காத்துன்னா அந்தப் பக்கம். காத்தோட சூடுன்னு நீங்க பாட்டுக்கு ஒண்ணைக் கிளப்பிவிட்டீங்கன்னா அது யாருக்குப் போகும்? ஏற்கெனவே ஏசி விஷயத்துல பட்டது போதும்."

ஏசி விஷயம் என்பது இதுதான். நடைபாதையின் நடுவில் ஒரு ஏசி மாட்டினார்கள். அது குளிர்ச்சி தருவதால் வெப்பம் சார்ந்தது, ஆகவே எங்களுடையது என்றது சூட்டுப் பிரிவு. ஊதுவதால் காற்று சார்ந்தது, ஆகவே எங்களுடையது என்றது காற்றுப் பிரிவு. வழக்கு முடியும்வரை அதைத் துணிபோட்டு மூடி முத்திரை வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு தலைவர்களும் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் நடைபாதையில் வந்தால் மற்றவர் கழிவறைக்குள் நுழைந்துவிடுவார்.

காற்றுப் பிரிவில் எல்லாமே பறந்துகொண்டிருந்தது. ஆள் உயர விசிறிகள் நாலு பக்கமும் ஊதின. காகிதங்களின் மேல் கல், கற்களின் மேல் தலைவரின் முழங்கை. ஒரு நூலில் சிவப்பு முனையைக் கட்டி விசிறிக்கு முன்னால் தொங்கவிட்டிருந்தார்கள்.

"உருகுச்சா?" என்று காற்றுத் தலைவர் கத்தினார். அங்கே கத்தினால்தான் கேட்கும்.

"இல்ல சார்!" என்று அவளும் கத்தினாள். "ஆனா தோட்டா வேகத்துக்கு விசிறி ஊதாதே சார்!"

"ஊத வைக்கலாம்! ஆனா அவ்வளவு வேகமா ஊதினா முனை சூடாகிடும்! சூடாச்சுன்னா அது எங்க சோதனையே இல்லன்னு ஆகிடும்! எதிர்க்கோடி ஆளுங்க வந்து உரிமை கொண்டாடுவாங்க! அதனால சூடாகாத அளவுக்குத்தான் ஊதுறோம்!"

அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் ஒரு காகிதம் வந்து ஒட்டிக்கொண்டது.

இரண்டு பிரிவும் இரண்டு சான்றிதழ் கொடுத்தன. அவற்றை இயக்குநர் அறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இயக்குநர் குண்டான, சாந்தமான மனிதர். கோபமே வராது. எதையும் கேட்டால்தானே கோபம் வரும்?

"பாருங்கம்மா, நான் பாரபட்சமில்லாத ஆளு. இந்தத் தாள் என்ன சொல்லுது? முனை சூட்டுல உருகலைங்குது. இந்தத் தாள்? காத்துல உருகலைங்குது. சூட்டுலயும் உருகல, காத்துலயும் உருகல. அப்புறம் காத்துச் சூட்டுல மட்டும் எப்படி உருகும்? ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. ஒண்ணுமில்லையும் ஒண்ணுமில்லையும் சேர்ந்தா என்னம்மா?"

"சார், சுட்ட தோட்டாவைத் தோண்டி எடுத்துப் பாக்கலாமே?"

"பாத்தோமே! மூக்கு சப்பையாத்தான் இருந்தது. பலகையில மோதினா சப்பையாகாம பின்ன என்ன ஆகும்? மோதறதுக்கு முன்னாடியே சப்பையா இருந்துச்சுன்னு நீங்கதான் நிரூபிக்கணும். எதுலயும் படாம ஒரு தோட்டாவைக் கொண்டாங்க. இல்லேன்னா பாதி வழியில நிறுத்திக் காட்டுங்க. நாங்களே ஜீப் தர்றோம்."

"உங்ககிட்ட ராடார் இருக்குன்னு பயிற்சியாளர் சொன்னாரு. தோட்டா எங்க வேகம் கொறையுதுன்னு அது காட்டிடுமாமே?"

இயக்குநர் முகம் மலர்ந்தது. அவரே எழுந்து வந்து பக்கத்துக் கூடத்தைத் திறந்து காட்டினார். ராடார் பட்டுத்துணி போர்த்தி, ரிப்பன் கட்டி, மணப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. வாங்கி வைத்து வருஷக்கணக்கு ஆகியிருக்க வேண்டும். ரிப்பனில் தூசு கனமாகப் படிந்திருந்தது.

"திறந்து வைக்கப் பெரிய மனுஷங்க தேதி கொடுக்கல. திறப்பு விழா நடக்காத கருவி உண்மையைச் சொன்னா அது செல்லாது. அதுமட்டுமில்லம்மா," என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் உங்ககிட்ட மனசுவிட்டுப் பேசுறேன். முனை உருகுறதில்லேன்னு வாசல்ல பித்தளையில பொறிச்சு வச்சிருக்கோம். இப்ப உருகுதுன்னு சொன்னா அந்தப் பலகையை என்ன செய்யறது? பித்தளை என்ன விலை விக்குது!"

பிறகு அவள் தோளில் தட்டிக்கொடுத்து, தேர்வுப் போட்டியில் நிதானத்தைக் காட்டிவிட்டால் கை நடுக்கம் என்கிற குறிப்பைத் தானே அழித்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். காட்டாவிட்டால் அதைப் பஸ் நிர்வாகத்துக்கு உறுதி செய்து எழுத வேண்டியிருக்கும். அதில் தனக்கு மிகவும் வருத்தம் என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு சட்டையை இஸ்திரி போட்டபடியே கேட்டார்.

"தோட்டா எவ்வளவு கீழ போகுது?"

"ஒரு முழம்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"அப்ப ஒரு முழம் மேல சுடேன். அவங்களைத் திருத்தறது நம்ம வேலையா?"

அவளுக்கு அது பிடிக்கவில்லை. கழகம் கொடுத்த அட்டவணைப்படிதான் தூரத்துக்குத் தக்கபடி துப்பாக்கியின் தொலைநோக்கியைத் திருகி வைக்கிறாள். பலகையின் நடுவில் குறி வைத்தால் நடுவில்தான் பட வேண்டும். வெறும் ஆகாயத்தைக் குறிவைத்துப் பலகையில் அடிப்பது பொய்க்கணக்கு எழுதுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் பஸ்ஸை நினைத்தாள். அந்த ஸ்டியரிங்கை நினைத்தாள். மறுநாளே மைதானத்துக்குப் போய் ஒரு முழம் மேலே குறிவைத்துப் பழக ஆரம்பித்தாள். பலகையின் நடுவில் துளை விழுந்தது. உதவிப் பயிற்சியாளர் பார்த்தும் பார்க்காதவராக நின்றார்.

தேர்வுப் போட்டியன்று பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி என்று தடபுடலாக இருந்தது. பெரிய மனிதர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் தோட்டா தாழ்ந்து போனால் கழகத்தின் மானம் போய்விடும். ஆகவே இரண்டு தலைவர்களும் இயக்குநரும் கூடிப் பேசி, அதாவது ஒருவர் பேச்சை மற்றவருக்கு இயக்குநர் எடுத்துச் சொல்லி, ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். தோட்டா ஒரு முழம் கீழே போகிறது, பலகையை ஒரு முழம் கீழே இறக்கிவிட்டால் சரியாகப் படுமல்லவா? முனை உருகுவதில்லை என்பதால் இதை ஆராய்ச்சிக் கணக்கில் காட்ட முடியாது. தோட்டப் பராமரிப்புக் கணக்கில் இறக்கினார்கள்.

முதல் ஆள் படுத்தான். தொலைநோக்கியில் பலகையைத் தேடினான். எப்போதும் இருக்கிற இடத்தில் இல்லை, கொஞ்சம் கீழே இருந்தது. ஆகவே கொஞ்சம் கீழே குறி வைத்தான். சுட்டான். தோட்டா அதற்கும் ஒரு முழம் கீழே போனது.

பந்தலில் ஒரு சலசலப்பு. இயக்குநர் தோட்டக்காரர்களைப் பார்த்துக் கையசைத்தார். துப்பாக்கிகளைக் கீழே வைக்கச் சொல்லி, சிவப்புக் கொடி ஏற்றி, அவர்கள் ஜீப்பில் போய்ப் பலகையை இன்னும் இறக்கினார்கள். அடுத்த ஆள் இன்னும் கீழே குறி வைத்தான். தோட்டா இன்னும் கீழே போய்ப் புல்லைக் கிளப்பியது.

"தோட்டாவுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி," என்றார் காற்றுத் தலைவர்.

"பலகையை எறக்கினா போதாது, மண்ணை எறக்கணும்னு அவர்கிட்ட சொல்லுங்க," என்றார் சூட்டுத் தலைவர்.

இயக்குநர் எடுத்துச் சொன்னார். தோட்டக்காரர்கள் மண்வெட்டியோடு கிளம்பினார்கள். நிதானத்தின் முறை வந்தபோது பலகை இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டிருந்தது. நடு வட்டத்திலிருந்து மேல் பகுதி மட்டும் தரைக்குமேல் எட்டிப் பார்த்தது. குழிக்கு முன்னால் மைதானம், விழுந்த குண்டுகளால் உழுத வயல் மாதிரி கிடந்தது. அதுவரை சுட்டவர்கள் எல்லாருக்கும் நிதானம் போதவில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள்.

அவள் துப்பாக்கியின் பின்னால் படுத்துக் கண்ணை வைத்தாள். அந்தக் குழியைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர்களுக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியும். எவ்வளவு தாழ்கிறது என்பதுவரை தெரியும். தெரிந்துகொண்டேதான் அவளைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார்கள், தெரிந்துகொண்டேதான் பஸ் நிர்வாகத்துக்கு நகல் போட்டார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஓடுகிற பஸ்ஸில் குறுக்கே ஒரு ஆடு வந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு அமைதி வந்தது. சத்தமில்லாமல் ஒரு முழம் மேலே குறி வைத்து, நடுவில் அடித்துவிட்டுப் போய்விடலாம். வேலையும் தப்பும், அணியும் தப்பும். ஆனால் அப்படிச் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை.

துப்பாக்கியை ஒரு முழம் மேலே குறிவைத்துத் தாங்கியில் அசையாமல் நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். "இயக்குநர் சார், கொஞ்சம் இங்க வாங்க."

இயக்குநர் வந்தார். பெரிய மனிதர்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"தொலைநோக்கியை உங்க அட்டவணைப்படிதான் வச்சிருக்கேன், சரி பாத்துக்கோங்க. இப்ப படுத்து இதுல பாருங்க சார். குறி எங்க இருக்கு?"

இயக்குநர் சிரமப்பட்டுப் படுத்தார். "பலகையில இல்லையேம்மா. பலகைக்கு மேல, வெறும் ஆகாசத்துல இருக்கு."

"எவ்வளவு மேல?"

"ஒரு... ஒரு முழம் இருக்கும்."

"நல்லாப் பாத்துட்டீங்கல்ல? எல்லாரும் கேட்டீங்கல்ல? எந்திரிங்க."

அவள் படுத்தாள். மூச்சை விட்டாள், நிறுத்தினாள். பிரேக் போட்டது யாருக்கும் தெரியவில்லை. தோட்டா போனது மட்டும் தெரிந்தது. ஆகாசத்தைக் குறிவைத்த தோட்டா நடு வட்டத்தில் ஓட்டை போட்டது. இன்னொன்று சுட்டாள். அதே ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை.

"நடுங்குற கை ஒரு தடவை மேல போகும், ஒரு தடவை கீழ போகும், இடமும் வலமும் போகும் சார். இது எப்பவும் அதே ஒரு முழம்தான் எறங்குது. மூக்கு மழுங்கின தோட்டா இப்படித்தான் எறங்கும். இப்ப சொல்லுங்க, நடுங்குறது யாரு?"

பெரிய மனிதர்களில் ஒருவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் சூட்டுத் தலைவரைப் பார்த்தார். சூட்டுத் தலைவர் காற்றுத் தலைவரைப் பார்த்தார். ஏசி வந்த நாளிலிருந்து அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு இயக்குநர் முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு ஒலிபெருக்கியை வாங்கினார்.

"பெரியோர்களே! இன்று கழகத்தின் வரலாற்றில் பொன்னாள். கழகம் அங்கீகரித்த முனை ஒரு கிலோமீட்டர் பறந்து இலக்கின் நடுவில் பட்டதை நீங்களே பார்த்தீர்கள். உருகிய முனையால் இது முடியுமா?"

கைதட்டல் எழுந்தது. அவள் கணவர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சொன்ன சொல் தவறவில்லை இயக்குநர். கை நடுக்கம் என்கிற குறிப்பை அன்றே அழித்தார். பஸ் நிர்வாகத்துக்கும் எழுதினார். அவள் அணியில் இருந்தாள், ஸ்டியரிங்கும் அவள் கையிலேயே இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கழகத்தில் அவளுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். மாலை போட்டார்கள். இயக்குநர் புதிதாக அச்சடித்த அட்டவணையை உயர்த்திப் பிடித்துக் காட்டினார்.

"தூரம் போகப் போகத் தோட்டா ஒரு முழம் தாழ்வது ஒரு புதிய இயற்கை விதி என்பதைக் கழகம் கண்டுபிடித்துள்ளது. அதற்கும் முனைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இனி நாட்டில் துப்பாக்கி சுடுகிற எல்லாரும் இந்த ஒரு முழத்தைக் கூட்டிக்கொண்டு சுடுவார்கள். இதை முதலில் செய்து காட்டிய நம் சகோதரியைக் கௌரவிக்கும் விதமாக, இந்தக் குறைபாட்டுக்கு 'நிதானப் பிழை' என்று பெயர் சூட்டுகிறோம்!"

அவள் அட்டவணையை வாங்கிப் பார்த்தாள். அவர்கள் செய்த தப்பு, அவள் பெயரில், தடித்த எழுத்தில். ஆயுசு முழுக்க ஒரு ஆளைக்கூடக் குலுக்காமல் பஸ் ஓட்டிச் சம்பாதித்த பெயர். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒலிபெருக்கியை நீட்டினார்கள்.

"எனக்கு மட்டும் மரியாதை பண்ணா எப்படி?" என்றாள். "பிழைக்கு என் பேரை வச்சுட்டீங்க. அந்தச் சிவப்பு முனைக்கு நம்ம இயக்குநர் சார் பேரை வைக்கணும். பாக்க நல்லா பளபளன்னு இருக்கு. வெயில்ல வைங்க, விசிறிக்கு முன்னாடி வைங்க, ஒண்ணும் ஆகாது. எதுத்தாப்புல கொஞ்சம் உண்மையா சூடு வந்தாத்தான் மூஞ்சி மழுங்கிப் போயிடுது. அதுக்குத் தனக்கு என்ன ஆச்சுன்னே தெரியாது. எல்லாரையும் கீழ எறக்கிட்டு அதுபாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்."

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையிலேயே எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார். இவ்வளவு பெரிய கௌரவத்துக்குத் தான் தகுதியானவனா என்று தனக்குத் தெரியவில்லை என்றும், அதை ஆராய்ந்து சொல்ல அந்த இடத்திலேயே ஒரு குழு அமைப்பதாகவும் நாத்தழுதழுக்க அறிவித்தார்.